ஏர் ஃப்ரையரில் ஆனியன் ரிங்ஸ் மொறுமொறுப்பாக வரவே மாட்டேன் என்கிறது. மூன்று முறை தோற்றாச்சு, உதவுங்கள்

மாடிவீட்டுச் சமையல் | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். தீபாவளிக்குத் தம்பி ஓர் ஏர் ஃப்ரையர் வாங்கிக் கொடுத்தான். நாலு லிட்டர், 1500 வாட். மாமியாரை எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அதனால் கடாயைப் பரணில் ஏற்றிவிட்டு இதையே நம்பியிருக்கிறேன். உருளைக்கிழங்கு வறுவல், காலிஃப்ளவர் எல்லாம் நன்றாக வந்தன. அப்பளம் மட்டும் உள்ளே காற்றில் பறந்தது, அது வேறு கதை.

இப்போது தொல்லை ஆனியன் ரிங்ஸ்.

முதல் தடவை பஜ்ஜி மாவு மாதிரியே கடலைமாவு, அரிசிமாவு கரைத்து வெங்காயத்தை முக்கி வைத்தேன். மாவு முழுக்கக் கூடையின் ஓட்டை வழியாகக் கீழே இறங்கிவிட்டது. மேலே நின்றது வெறும் வெந்த வெங்காயம். ஓட்டைகளை ஊசி வைத்துக் குத்திக் கழுவ ஒரு மணி நேரம் ஆனது.

இரண்டாம் தடவை அடியில் பட்டர் பேப்பர் போட்டேன். மேல்பக்கம் அப்பளம் போலக் காய்ந்தது, அடிப்பக்கம் களி.

மூன்றாம் தடவை மைதாக் கரைசலில் முக்கி ரஸ்க் தூளில் புரட்டினேன். ஓரமெல்லாம் கருகியது, நடுவில் அங்கங்கே வெள்ளை மாவு அப்படியே நின்றது. கடித்தால் வெங்காயம் மண்புழு மாதிரி உருவிக்கொண்டு வெளியே வருகிறது, கையில் வெறும் ஓடு.

ஞாயிறு மாலை பையனின் பிறந்தநாள், பத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். முட்டை சேர்க்க முடியாது. கடையில் வாங்கிய உறைந்த பாக்கெட் ரிங்ஸை இதே மெஷினில் போட்டபோது நன்றாகத்தான் வந்தது, ஆகவே மெஷினைக் குறை சொல்ல முடியவில்லை. நான் எங்கே தப்புப் பண்ணுகிறேன்?

---

நாலுமணி டிபன் | செவ்வாய், இரவு 10.05

பரணிலிருந்து கடாயை இறக்குங்கள். பிரச்சினை தீர்ந்தது. 😀

---

கரண்டி பிடித்தவர் | புதன், காலை 6.50

சகோதரி, மேலே சொன்னவரை விடுங்கள். ஆனால் அவர் கிண்டலிலும் ஒரு விஷயம் இருக்கிறது: தண்ணியான மாவு எண்ணெய்க்கென்றே ஏற்பட்டது. 180 டிகிரி எண்ணெய் ஒரு சொட்டுக் கையில் பட்டால் கொப்பளிக்கும். அதே 180 டிகிரி ஓவனுக்குள் கையை நீட்டி, துணியால் பிடித்துத் தட்டை வெளியே இழுக்கிறோம், சூடான காற்றால் கைக்கு ஒன்றும் ஆவதில்லை. காற்று அவ்வளவு மெதுவாகத்தான் சூட்டைக் கொடுக்கும். எண்ணெயில் விழுந்த மாவு விழுந்த நொடியே இறுகிவிடும். ஏர் ஃப்ரையரில் இறுகுவதற்குள் வழிந்துவிடும். பெயரில்தான் ஃப்ரையர் இருக்கிறது. உண்மையில் அது மேலே சூடேற்றும் கம்பிச்சுருளும் (காயில்) விசிறியும் வைத்த குட்டி ஓவன்.

பாக்கெட் ரிங்ஸ் வந்ததற்குக் காரணமும் அதுதான். அதைத் தொழிற்சாலையிலேயே ஒரு தடவை எண்ணெயில் அரைகுறையாகப் பொரித்துத்தான் உறைய வைக்கிறார்கள். மாவு ஏற்கெனவே இறுகியிருக்கிறது, எண்ணெயும் ஏறியிருக்கிறது. உங்கள் மெஷின் சூடு பண்ணிக் கொடுத்தது, அவ்வளவே. அதோடு உங்களுடையதை ஒப்பிட்டு மனசு உடைய வேண்டாம்.

அப்படியானால் மொறுமொறுப்பை நாம் முன்கூட்டியே செய்து மேலே ஒட்ட வேண்டும். ரஸ்க் வேண்டாம். அது முன்பே சிவக்கச் சுட்டது, வெங்காயம் வேகுமுன் கருகிவிடும். பாங்கோ (கொரகொரப்பான ஜப்பானிய பிரெட் தூள்) கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் வெள்ளை பிரெட்டின் ஓரத்தை நீக்கி, மிக்சியில் விட்டு விட்டு இரண்டு சுற்று, கொரகொரப்பாக. தூளாக அரைத்தால் போச்சு. ஒரு கப் தூளுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு விரலால் பிசறி, வாணலியில் இளம் பொன்னிறம் வரும்வரை வறுத்து ஆற வையுங்கள். முதலில் புட்டு மாவு மாதிரி ஈரமாக இருக்கும், பிறகு கலகலவென்று பிரியும். இந்த ஒரு கரண்டி எண்ணெய்க்கு உங்கள் மாமியாரின் டாக்டர் கோபிக்க மாட்டார்.

உங்கள் மூன்றாம் தடவையில் வெள்ளை மாவு நின்றதும் எண்ணெய் படாத இடத்தில்தான். காய்ந்த மாவு காற்றில் சிவக்காது.

---

பெல்லாரி பிரியர் | புதன், காலை 8.15

வெங்காயம் உருவிக்கொண்டு வருவது பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒவ்வொரு வளையத்தின் உள்பக்கமும் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். நகத்தால் நிமிண்டினால் முழுசாக உரிந்து வரும். வழவழவென்ற அந்தச் சவ்வில் மாவு ஒட்டாது, பல்லிலும் அறுபடாது. அதை உரித்தாலே பாதி வேலை முடிந்தது. பொறுமை வேண்டும், பிள்ளைகளை உட்கார வைத்து உரிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இந்த மாதங்களில் சந்தைக்கு வருவது பெரும்பாலும் புது வெங்காயம். மழைக்கால விளைச்சல், சாறு அதிகம். கோடையில் அறுத்துக் காயப்போட்ட பழைய வெங்காயம் கிடைத்தால் அதையே வாங்குங்கள், மேல்தோல் சரசரவென்று இருக்கும். எந்த வெங்காயமாக இருந்தாலும் கிட்டத்தட்டப் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், ஆகவே வெட்டியதும் துணியில் ஒற்றி எடுங்கள். உப்பை வெங்காயத்தில் தூவவே தூவாதீர்கள், பத்து நிமிடத்தில் குளமாகிவிடும். பிரெட் தூளில் சேர்த்தால் போதும்.

---

வயரிங் அண்ணன் | புதன், மதியம் 1.30

சமையல் எனக்குத் தெரியாது, சாப்பிடத் தெரியும். ஒரு கேள்வி: மெஷினை எதில் செருகியிருக்கிறீர்கள்?

---

மாடிவீட்டுச் சமையல் | புதன், மாலை 7.10

கரண்டி ஐயா, பெல்லாரி அக்கா (அண்ணனா?), ரொம்ப நன்றி. சவ்வு இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும்.

வயரிங் அண்ணா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். மிக்சியும் அதிலேதான். ஏன்?

---

வயரிங் அண்ணன் | புதன், இரவு 8.00

முதலில் அதை உருவுங்கள் அம்மா. 1500 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஒயரோ நூல் மாதிரி இருக்கும். சூடாகி இளகும். கீசர் செருகும் 16 ஆம்பியர் பாயிண்டில் நேராகப் போடுங்கள்.

ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரில் உள்ளே வரும் வோல்டேஜ் எண் தெரிந்தால் சாயந்திரம் பார்த்துச் சொல்லுங்கள்.

---

மாடிவீட்டுச் சமையல் | புதன், இரவு 8.20

இப்போது 190 காட்டுகிறது. காலையில் 225 இருந்தது.

---

வயரிங் அண்ணன் | புதன், இரவு 8.35

அப்போ அதுவும் ஒரு காரணம். ஹீட்டருக்கு வோல்டேஜ் குறைந்தால் சூடு அதைவிட வேகமாகக் குறையும். 190இல் உங்கள் 1500 வாட் மெஷின் ஆயிரத்துச் சொச்சம் வாட்தான் தரும், மூன்றில் இரண்டு பங்கு. திரையில் 200 டிகிரி என்று இருக்கும், ஆனால் கூடையைத் திறந்து மூடியபின் மறுபடி அந்தச் சூட்டை எட்ட நேரம் பிடிக்கும். பகலில் செய்யுங்கள், அல்லது கூடுதலாகக் காய விடுங்கள்.

---

நாலுமணி டிபன் | புதன், இரவு 9.00

கரைசலில் ஒரு ஸ்பூன் ஆப்பச் சோடா போட்டால் பிரமாதமாக வரும்.

---

கரண்டி பிடித்தவர் | புதன், இரவு 9.25

ஒரு ஸ்பூனா! சோப்பு வாடை அடிக்கும். சிவக்க உதவும் என்பது உண்மை, ஆனால் இரண்டு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். நான் போடுவதே இல்லை.

முட்டை இல்லாத கரைசல் இது: மைதா நாலு மேசைக்கரண்டி, கார்ன் ஃப்ளார் இரண்டு, மிளகாய்த்தூள், கெட்டி மோர். மோரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கரண்டியின் முதுகில் பூசினால் வழியாமல் நிற்கும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். வளையங்கள் ஒரு விரல் தடிமன். முதலில் வெறும் மைதாவில் புரட்டித் தட்டி, பிறகு கரைசல், பிறகு பிரெட் தூள். ஒரு கை ஈரத்துக்கு, ஒரு கை காய்ந்ததற்கு. இரண்டையும் கலந்தால் விரல்தான் பஜ்ஜியாகும். தட்டில் பரப்பி ஃப்ரீசரில் அரைமணி நேரம்.

மெஷினை வெறுமனே 200இல் ஐந்து நிமிடம் காய விடுங்கள். பட்டர் பேப்பர் வேண்டாம், அடியில் காற்று போகாமல்தான் உங்களுக்குக் களி ஆனது. வெறும் கூடையில் சூடேற்றும்போது பேப்பரை மட்டும் போட்டால் பறந்து காயிலில் ஒட்டித் தீயும் ஆபத்தும் உண்டு. கூடையில் லேசாக எண்ணெய் தடவி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஆறேழு வளையம். 190 டிகிரியில் ஐந்து நிமிடம், திருப்பிப் போட்டு இன்னும் நாலு. எடுத்ததும் தட்டில் வைக்காதீர்கள், அடியில் ஆவி வியர்த்து ஊறிவிடும். மாவு சல்லடையைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள்.

பத்துப் பிள்ளைகளுக்கு ஆறாறாக எப்போது முடிப்பீர்கள் என்று கேட்பீர்கள். சனிக்கிழமையே புரட்டி உறைய வைத்துவிடுங்கள். கரைய விடாமல் அப்படியே போடலாம், இரண்டு நிமிடம் கூடுதல். எல்லா ஈடும் முடிந்ததும் மொத்தமாகக் கூடையில் கொட்டி 200இல் இரண்டு நிமிடம் சூடுகாட்டினால் மறுபடி மொறுமொறுப்பாகும்.

---

மாடிவீட்டுச் சமையல் | வியாழன், மதியம் 12.15

சோதனைக்கு ஒரே வெங்காயம். ஏழு வளையம் போட்டேன், ஐந்து அருமை. இரண்டில் ஒரு பக்கம் தூள் உதிர்ந்துவிட்டது. வெறும் மைதாவில் புரட்ட மறந்த இரண்டு அவை என்று நினைக்கிறேன். வெங்காயம் உருவவில்லை! சவ்வு உரிக்க ஒரு வெங்காயத்துக்கே கால்மணி நேரம் ஆனது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

---

பெல்லாரி பிரியர் | வியாழன், மதியம் 2.40

வெட்டிய வளையங்களைப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து உரித்துப் பாருங்கள், சுலபமாகக் கழன்று வரும். பிறகு மறுபடி துடைத்துவிடுங்கள். அப்புறம், நான் அக்காதான்.

---

மாடிவீட்டுச் சமையல் | ஞாயிறு, இரவு 10.30

முடிந்தது. நாலு வெங்காயம், ஆறு ஈடு. பெரிய பாயிண்டில் போட்டு மதியமே சுட்டுவிட்டு, பிள்ளைகள் வந்ததும் கடைசிச் சூடு காட்டினேன். எண்ணெயில் பொரித்ததுபோல இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஓடு கொஞ்சம் பிரெட் டோஸ்ட் மாதிரிதான் இருக்கிறது, ஆனால் கடிக்கும்போது சத்தம் கேட்டது. தட்டு காலி. மாமியார் மூன்று தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, நாளைக்கு இதிலேயே வெங்காய பஜ்ஜி போடேன்" என்றார்.

---

நாலுமணி டிபன் | ஞாயிறு, இரவு 10.41

கடாய்!