எஞ்சின் ஆயில்: கையேடு ஒன்று சொல்கிறது, மெக்கானிக் ஒன்று சொல்கிறார்

மன்னார்குடிக்காரன்: பெட்ரோல் கார், ஆயில் மாற்றி 6,000 கிலோமீட்டர் ஆகிறது. மெக்கானிக் அண்ணன் "5,000க்கே மாத்திடணும் தம்பி" என்கிறார், கையேட்டில் 10,000 அல்லது ஒரு வருடம், ஜெர்மனியில் இருக்கும் மச்சானோ 30,000 வரை தொடவே மாட்டானாம். யாரை நம்புவது?

கும்பகோணம் டீசல்: மச்சான் பொய் சொல்லவில்லை. அங்கே லாங் லைஃப் ஆயில் தனி ரகம், அதற்கேற்ற எஞ்சின், சில கார்களுக்கு 30,000 அல்லது இரண்டு வருடம். நாம் குறுவை அறுவடை நேரத்தில் ரோட்டில் காயும் நெல்லை ஒதுக்கி, பதர் தூசியில் டிராக்டர் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்கிறோமே, அந்தக் கணக்கே வேறு.

தோஹா தஞ்சாவூரான்: இங்கே வெயிலும் மணலும், நான் 7,000 தாண்ட விடுவதில்லை. அமெரிக்காவில் 3,000 மைல் என்பது பழைய கதை, சிந்தெடிக் (செயற்கையாகத் தயாரித்த) ஆயில் ஊற்றினால் 7,500 மைல் சாதாரணம்.

திருவையாறு: தினமும் வயலுக்கும் கடைக்கும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் ஆயில் சரியாகச் சூடேறாது, ஈரம் உள்ளேயே தங்கும். என் வண்டியில் ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தது. 4,000 தான் ஓடியிருந்தாலும் வருடம் முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

மன்னார்குடிக்காரன்: சரி, 7,500 கிலோமீட்டரில் ஃபில்டரோடு மாற்றிவிடுகிறேன். அப்புறம், மச்சானிடம் யாரும் சொல்லாதீர்கள்.