புதுப்பிப்பு: ஒரே காலையில் இரண்டு தேர்வு, தீர்வு கிடைத்தது

மழை விடுமுறையால் தள்ளிப்போன தேர்வும் என் அரியர் பேப்பரும் ஒரே நாள் காலையில் வருகின்றன, என்ன செய்வது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நீங்கள் சொன்னபடி இரண்டு அட்டவணைகளையும் ஹால் டிக்கெட் நகலையும் கடிதத்தோடு இணைத்து, துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கித் தேர்வுப் பிரிவில் கொடுத்தேன். "நல்லவேளை தம்பி, முன்னாடியே வந்தே" என்றார் அங்கிருந்த அக்கா. அரியர் பேப்பர் மதியத்துக்கு மாறியது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. எங்கள் ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வும் அதற்குள்தான் வருகிறது. அதனால் கடலூர் பக்கம் படிப்பவர்கள் தேதி மாறும் என்று எண்ணியே திட்டமிடுங்கள். நான் கடைசி மூன்று நாளை நம்பி ஒரு பாடத்தையே ஒதுக்கி வைத்திருந்தேன், அது பெரிய தவறு.

அப்புறம் கல்லூரிக்குப் போகும் பஸ். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புதுச்சேரிக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் எட்டு மணிக்கு நின்றுகொண்டு எதுவும் படிக்க முடியாது. இப்போது ஆறரைக்கே ஏறுகிறேன். உட்கார இடம் கிடைக்கிறது, அரியாங்குப்பம் வருவதற்குள் ஒரு யூனிட் திருப்பிப் பார்த்துவிடுகிறேன்.

திங்கட்கிழமை இரண்டு பேப்பரும் எழுதுகிறேன்.