ரப்ச்சர்: முறிவா, பிணக்கா, ஊடலா?

செ. எழுதியது:
அன்புள்ள குழுவினருக்கு, வயதுவந்தோருக்கான உறவுமைய உளச்சிகிச்சைப் பயிற்சிக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ‘ரிலேஷனல்’ என்பதற்கு ‘உறவுமைய’ என்று முடித்துவிட்டோம், அதை மறுபடி கிளற வேண்டாம். சிக்கல் ‘ரப்ச்சர்’ (rupture). சிகிச்சையாளரும் சிகிச்சைக்கு வருபவரும் சேர்ந்து இயங்கும் சிகிச்சைக் கூட்டுறவை உளவியலாளர் போர்டின் 1979இல் மூன்றாகப் பிரித்தார்: இலக்கில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. இவற்றில் எது இளகினாலும் ரப்ச்சர். வரைவில் ‘முறிவு’ என்று போட்டிருக்கிறேன். மாற்று இருந்தால் வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள்.

மு. எழுதியது:
முறிவு கூடாது. எலும்பு முறிவு, மணமுறிவு, பேச்சுவார்த்தை முறிவு: எல்லாம் பெரிய சேதத்தின் பெயர்கள். ரப்ச்சர் பெரும்பாலும் சின்னது. ஒரே அமர்வில் வந்து, கவனித்தால் அதே அமர்வில் சரியாகும். உளச்சிகிச்சை ஆய்வாளர்கள் சாஃப்ரானும் முரானும் இதை இரண்டு வகையாகக் காட்டினார்கள். ஒன்று ஒதுங்கல்: பதில்கள் குறுகும், பேச்சு தன்னைவிட்டு ஊரார் கதைக்குப் போகும், எதற்கும் ‘சரிங்க’ வரும். மற்றது மோதல்: ‘இதனால் எனக்கு என்ன பயன்?’ என்ற நேரடிக் குறை, கட்டணம், நேரம், சிகிச்சையாளரின் திறமை பற்றிய சண்டை. என் ஓட்டு ‘விரிசல்’.

ந. எழுதியது:
விரிசல் சுவரில் விழுவது. மனிதர் இருவருக்கு நடுவே வருவதற்கு நம்மிடம் அளவுவாரியாகவே சொல் இருக்கிறது. ஊடல், புலவி, துனி. 1306ஆம் குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர் துனியை முதிர்ந்த கலாம் என்றும் புலவியை இளைய கலாம் என்றும் பிரிக்கிறார். 1302இல் வள்ளுவர் புலவியை உப்புக்கு ஒப்பிட்டு, நீளவிடாதே என்கிறார். கையேடு சொல்வதும் அதுதானே? வந்த உடனே பேசு, அடுத்த வாரத்துக்குத் தள்ளாதே. ஊடல் என்றே போடலாம்.

வ. எழுதியது:
ஐயா, ஊடல் வேண்டவே வேண்டாம். ஊடுபவர் காதலர். சிகிச்சையாளர்மேல் காதல் எழுவது உண்டு. பிராய்ட் 1915இல் அதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். நம் கையேட்டிலும் அதற்குத் தனி அத்தியாயம், தனி எல்லைக்கோடு. இரண்டுக்கும் ஒரே வாசம் அடிக்கும் சொல்லை வைத்தால் பயிற்சி பெறுபவர்கள் குழம்புவார்கள். இன்னொன்று, 1321ஆம் குறளைப் பாருங்கள்: அவரிடம் தவறு இல்லாவிட்டாலும் ஊடுவது. இங்கே முதல் கேள்வியே ‘என் பக்கம் நான் என்ன செய்தேன்?’ என்பது. தாமதமாக வந்தேனா, அறிவுரை கொட்டினேனா, அவர் அழும்போது கடிகாரத்தைப் பார்த்தேனா? ஊடல் என்ற சொல் சிகிச்சையாளரைத் தப்பிக்க விட்டுவிடும்.

ந. எழுதியது:
ஒப்புக்கொள்கிறேன், அரைமனதாக. அப்படியானால் ‘பிணக்கு’. பிணங்குதல் என்றால் மாறுபடுதல். பின்னிக் கிடத்தலும் அதுவே. ஒட்டினவர்களுக்குத்தான் பிணக்கு வரும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. போர்டினின் மூன்றாம் கூறான பிணைப்பும் இதே பிண் அடியில் வைக்கத்தக்கது. பிணித்தல் கட்டுதல், ‘கேட்டார்ப் பிணிக்கும்’ என்கிறது 643ஆம் குறள். நோயாகிய பிணியும் உடலைக் கட்டுவதால்தான் பிணியோ? இணங்கு என்பதிலிருந்து இணக்கம் வருவதுபோல் பிணங்கு என்பதிலிருந்து பிணக்கமும் வரும். ஆகவே ரப்ச்சருக்குப் பிணக்கம், அதைச் சரிசெய்யும் ‘ரிப்பேர்’ என்பதற்கு இணக்கம். எதுகைகூடத் தானாக அமைகிறது.

க. எழுதியது:
பாடம் எடுக்கும் இடத்திலிருந்து சொல்கிறேன்: பிணக்கு, பிணைப்பு, பிணி, மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் கடைசி வரிசைக்குப் பிணம் என்று கேட்கும். ‘ரப்ச்சர்’ என்றே எழுதினால் என்ன? படிக்கப்போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

வ. எழுதியது:
பயிற்சி பெறுபவருக்குத் தெரியும், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு? அவரிடம் ‘நமக்குள்ளே ஏதோ பிணக்கு வந்த மாதிரி இருக்கே’ என்று சொல்லலாம். ‘ரப்ச்சர் வந்திருக்கிறது’ என்று சொல்ல முடியாது. பிணக்குக்குச் சம்மதம்.
ஆனால் ‘இணக்கம்’ ஆபத்து. ஒதுங்கலின் முகமே இணக்கம்தான். அவர் தலையாட்டுகிறார், வீட்டுப்பாடத்தைச் செய்கிறார், திடீரென வருவதை நிறுத்துகிறார். ரிப்பேர் என்பது அவரை வழிக்குக் கொண்டுவருவதல்ல. மாற்றத்தைக் கவனிப்பது, தற்காப்பில்லாமல் அதை வெளிப்படையாகச் சொல்லிக் கேட்பது, அவர் சொல்லும் குறையை முழுக்கக் கேட்பது, தன் பங்கை ஏற்பது, வேண்டுமானால் இலக்கையோ வேலையையோ மாற்றுவது. அதற்குப் பிறகுதான் ‘வெளியிலும் இப்படி நடக்கிறதா?’ என்ற கேள்வி. இந்த வரிசை தலைகீழானால், சூடு ஆறுமுன்பே ‘என்னில் உங்கள் அப்பாவைப் பார்க்கிறீர்கள்’ என்றால், குறை சொன்னவரே நோயாளி ஆக்கப்படுகிறார், பிணக்கு இரட்டிப்பாகும். அவசர மன்னிப்பும் அப்படியே, பேச வாயெடுத்தவரின் வாயை அடைத்துவிடும். ‘சீராக்கம்’ போதும்.

செ. எழுதியது:
பிணக்கு மூன்று, விரிசல் ஒன்று, ரப்ச்சர் ஒன்று. பிணக்கம் என்ற நீட்டல் இல்லாமல் பிணக்கு என்றே போடுகிறேன். சீராக்கத்துக்கு மறுப்பு வரவில்லை.

மு. எழுதியது:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். பிணக்கு என்றதும் படிப்பவர் சண்டையைத் தேடுவார். ‘சரிங்க’ என்று சொல்லிக்கொண்டே நழுவுகிறவர் கண்ணில் படமாட்டார். சொல்லை மாற்றாவிட்டாலும், அந்த அத்தியாயத்தில் ஒதுங்கலை மோதலுக்கு முன்னால் வையுங்கள்.

செ. எழுதியது:
மூலத்தில் இருக்கும் வரிசையும் அதுதான்; மாற்றமாட்டேன். பிணி பற்றி ந. ஐயா தனி இழை தொடங்கலாம், வெள்ளிக்குப் பிறகு.