மரத்தூளை கம்ப்ரசர் காத்துல ஊதலாமா?

பட்டறைக்காரன்: எம்.டி.எஃப் (மர நாரை பசை போட்டு அழுத்தின பலகை) அறுக்குறோம். இரும்பு ஆங்கிள், டியூப்லைட் பட்டி மேலெல்லாம் மாவு மாதிரி தூள். பசங்க கம்ப்ரசர் போட்டு ஊதுறாங்க. ஆபத்தா அண்ணே?

மில் மெக்கானிக்: உடனே நிறுத்துங்க தம்பி! கிடக்குற தூள் புகையும், எரியும். காத்துல பறக்குற நைஸ் தூள்தான் வெடிக்கும். முதல் வெடி சின்னதா இருக்கலாம். அந்த வெடி, உயரத்துல தங்கின தூளை உதறிவிட்டா ரெண்டாவது வெடி கூரையைத் தூக்கிரும். கனடாவுல பர்ன்ஸ் லேக் மரமில்லுல 2012 ஜனவரியில தூள் வெடிச்சு ரெண்டு பேர் செத்தாங்க. மூணே மாசத்துல பிரின்ஸ் ஜார்ஜ்ல இன்னொரு மில், அங்கயும் ரெண்டு பேர்.

பட்டறைக்காரன்: வீட்டு வேக்குவம் போதுமா?

மில் மெக்கானிக்: வேண்டாம், அதோட மோட்டார்லயே பொறி வரும். தீப்பிடிக்கிற தூளுக்குன்னே வர்றதை வாங்குங்க.

வயர்மேன்: தூளை உறிஞ்சுற டஸ்ட் கலெக்டர் மெஷினோட குழாய் பிவிசியா? ஸ்டாட்டிக் (உரசல்ல வர்ற மின்சாரம்) ஏறும். தகரக் குழாய் போட்டு எர்த் கொடுங்க, தூள் சேருற பையை ஷெட்டுக்கு வெளியே வைங்க. பேரிங் சூடாகுதான்னும் தொட்டுப் பாருங்க, மெஷினை நிறுத்திட்டு!