ராஜஸ்தானில் ஷெகாவாட்டிப் பக்கம் போனவர்கள் சொல்லுங்கள்

மணல்வாரி:
ஹவேலி என்றால் அந்தக் காலத்து வியாபாரிகள் கட்டிய, சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய பெரிய வீடு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன். மண்டாவாவில் கடைத்தெருவைத் தாண்டி ஒரு சந்து, பாதி திறந்த கதவு. உள்ளே வயதான சௌகிதார், அதாவது காவல்காரர். முற்றத்துச் சுவரில் கிருஷ்ணன், அவருக்குப் பக்கத்திலேயே தொப்பி போட்ட வெள்ளைக்காரன் காரில் போகிறான். அந்தக் காரின் சக்கரத்துக்கு நேர் கீழே ஓர் ஆடு கட்டியிருந்தது. பெரியவர் ஏதோ கேட்டார். என் இந்தி 'அச்சா'வோடு சரி. தலையாட்டினேன். உடனே ஆட்டை அவிழ்த்து வெளியே கட்டினார், முற்றத்தைப் பெருக்கினார், டீ வந்தது. அப்புறம் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போய், ஒழுகின இடம், பெயர்ந்த காரை, துருவேறிய பூட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். 'சேட்ஜி', 'கல்கத்தா' இரண்டும் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தன. முதலாளி அனுப்பிய ஆள் என்று நினைத்துவிட்டார் என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.

ரயில்பூச்சி:
கதவு திறந்திருந்தால் உள்ளே போய்விடுவதா? நம் காரைக்குடி கதைதான் அங்கேயும். வியாபாரத்துக்குப் போன இடம் செட்டியார்களுக்கு பர்மா, மார்வாடிகளுக்குக் கல்கத்தா. ஆள் இல்லாவிட்டாலும் வீடு ஒருவருடையதுதானே. நவல்கட்டில் ஒரு வீட்டுச் சுவரில் ரயில் ஓவியம். ஜன்னல் வைத்த வீடுகளை வரிசையாக நிறுத்தியது மாதிரி பெட்டிகள்; வரைந்தவர் ரயிலைப் பார்த்தே இருக்கமாட்டார். கேமராவை எடுத்தேன். அந்த வீட்டுச் சிறுவன் வந்து இன்ஜினை மறைத்து நின்றுகொண்டான். சிரிக்கவும் இல்லை, நகரவும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன்.

பழைய டைரி:
சண்டை வேண்டாம். போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மே, ஜூன் வேண்டவே வேண்டாம். பக்கத்துச் சூருவில் 2019 ஜூனில் 50.8 டிகிரி போனது. டிசம்பர், ஜனவரி என்றால் ஸ்வெட்டர் போதாது, ஃபதேபூரில் விடியற்காலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். ஜெய்ப்பூரிலிருந்து சீகர் வழியாக பஸ் உண்டு. சுவரில் சாயாதீர்கள், சுண்ணாம்பு உதிரும். யார் வீட்டுக்குள்ளும் நுழையாமல் பார்க்க நவல்கட் போதார் ஹவேலி இருக்கிறது, இப்போது மியூசியம். ஃபதேபூரில் 1802ஆம் வருடத்து ஹவேலி ஒன்றை ஒரு பிரெஞ்சு ஓவியர் வாங்கிச் சீர்செய்திருக்கிறார், அதையும் விடாதீர்கள். நீல நிறம் பளிச்சென்று அடித்தால் அது பிற்காலத்தில் கப்பலில் வந்த செயற்கைச் சாயமாக இருக்கும். என் அனுபவமா? ராம்கட்டில் நாய் துரத்தியது, அவ்வளவுதான்.

மணல்வாரி:
ஸ்வெட்டர் இருந்தது அண்ணா, பிரச்சினை அதில்லை. ரயில்பூச்சி திட்டியது சரிதான். கிளம்பும்போது ஒரு தாளில் ஏதோ எழுதிக் கொடுத்தார், இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. ஒரு வரி மட்டும் எண்கள், மீதி எல்லாம் இந்தி. படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், தனியாக அனுப்புகிறேன். கூரைக் கணக்கு என்று நினைக்கிறேன்.