கோவிட்டுக்குப் பின் நீடிக்கும் படபடப்பு: சென்னையில் யாரிடம் காட்டலாம்?

குழுவினருக்கு வணக்கம். பெரம்பூரில் வசிக்கும் என் அக்காவுக்கு (வயது 46) சென்ற ஆண்டு கோவிட் வந்து, மருத்துவமனையில் சேராமலே ஒரு வாரத்தில் குணமாகிவிட்டது. ஆனால் அன்று முதல், படுக்கையிலிருந்து எழுந்து நின்றாலே நாடித்துடிப்பு 78இலிருந்து 120ஐத் தாண்டுவதும், மாடிப்படி ஏறினால் தலை சுற்றுவதும் தொடர்கின்றன. ஈசிஜி, எக்கோ இரண்டும் இயல்பாக இருந்ததால், நாங்கள் பார்த்த மருத்துவர் மனப்பதற்றம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். (பெண்கள் படபடப்பு என்றால் உடனே வரும் பதில்தான் அது.)

எழுந்து நின்ற 10 நிமிடங்களுக்குள் துடிப்பு 30 அல்லது அதற்கு மேல் கூடி, ரத்த அழுத்தம் பெரிதாகக் குறையாமல் இருந்தால், அது 'பாட்ஸ்' எனப்படும் தன்னியக்க நரம்புக் கோளாறாக (துடிப்பு, ரத்த அழுத்தம் போன்றவற்றைத் தானாகவே கட்டுப்படுத்தும் நரம்புகளின் கோளாறு) இருக்கலாம் என்று படித்தேன். அமெரிக்க முன்னாள் படைவீரர்களில் தொற்று கண்ட சுமார் 1,53,000 பேரை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வும், வீட்டிலிருந்தே குணமானவர்களுக்குக்கூட ஓராண்டு வரை இதய, ரத்தக்குழாய் நோய்களின் அபாயம் கூடியிருந்ததைக் காட்டியது.

இதை உறுதிசெய்ய உதவும் டில்ட் டேபிள் பரிசோதனையை (மேசையில் படுக்கவைத்து, அதை நிமிர்த்தித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கவனிப்பது) இங்கே எந்த மருத்துவமனையில் செய்கிறார்கள், ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் அந்த வசதி உண்டா, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அது அடங்குமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். மருந்துப் பெயர்கள் மட்டும் வேண்டாம். அவற்றை மருத்துவரிடமே கேட்டுக்கொள்கிறோம்.