மார்கழிப் பனியில் செல்வ் ஸ்ரார்ட் எடுக்கவில்லை: குளிரா, பற்றரியா?

கேள்வி (கொக்குவில்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2015 இல் வாங்கிய 125 சிசி மோட்டார் சைக்கிள். காபரேற்றர் உள்ளது, செல்வ் ஸ்ரார்ட்டும் கிக்கரும் உண்டு. கார்த்திகை முடியும் வரை எந்தக் குறையும் இருக்கவில்லை. திருவெம்பாவைப் பூசை தொடங்கிய நாளிலிருந்து, விடியற்காலை நாலரை மணிக்கு ஸ்ரார்ட் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஒருமுறை முனகிவிட்டு, "டிக், டிக்" என்ற சத்தத்துடன் நின்றுவிடுகிறது. மீற்றர் விளக்கும் மங்கிப் போகிறது. கிக்கரை ஏழெட்டுத் தடவை உதைத்த பின்னர்தான் எஞ்சின் பிடிக்கிறது. நண்பகலில் அதே வண்டி ஒரே அழுத்தில் எடுத்துவிடுகிறது.

நான் திருநெல்வேலிச் சந்தைக்கும் யாழ்ப்பாண நகருக்கும் மட்டுமே போய்வருகிறேன். ஒருமுறை எடுத்தால் நாலைந்து கிலோமீற்றருக்குள் நிறுத்திவிடுவேன். பற்றரி 12 வோல்ற், 5 அம்பியர் மணி, நீர் விடும் வகை. வாங்கி இரண்டரை வருடமாகிறது. புரட்டாதியில் நீர் மட்டம் குறைந்திருந்ததால், கிணற்று நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு ஊற்றினேன். அம்மாவைப் பூசைக்கு ஏற்றிச் செல்ல வேண்டிய நேரத்தில் அவரை ஒழுங்கையில் காக்க வைத்துக்கொண்டு கிக்கரை உதைப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. குளிர்தான் காரணமா, அல்லது புதிய பற்றரி வாங்க வேண்டுமா?

பதில் (சுன்னாகம், கராஜ் வேலை)

தம்பி, நீங்கள் விபரமாக எழுதியிருப்பதால் பதில் சொல்வது இலகுவாக இருக்கிறது. நம்முடைய ஊரில் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 22 பாகை செல்சியசுக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. ஈய அமிலப் பற்றரி ஒன்று 0 பாகைக்கு வந்தால் அதன் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். 22 பாகையில் இழப்பது மிகச் சிறிதளவுதான். நல்ல பற்றரிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் பற்றரிக்குத்தான் அந்தச் சிறிதளவும், குளிரில் தடித்துப்போன எஞ்சின் ஒயிலின் சுமையும் தாங்க முடியாமற் போகிறது. பற்றரியின் வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் அனைவரும் அறிந்த கணக்கு. உங்கள் பற்றரியைச் சித்திரை, வைகாசி வெயில் தேய்த்துவிட்டது. மார்கழி அதைக் காட்டிக் கொடுக்கிறது.

கிணற்று நீரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம்முடைய நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள். அங்கே வெள்ளையாக ஒட்டியிருக்கும் படிவு, அந்த நீரில் உப்புகள் அதிகம் என்பதற்குச் சாட்சி. கொதிக்க வைத்தால் அவற்றில் ஒரு பகுதிதான் அப்படிப் படியும், மற்றவை நீரிலேயே நின்றுவிடும். நீர் ஆவியாகும்போது மீதமுள்ள உப்பு இன்னும் செறிவாகிறது. அந்த நீரைப் பற்றரிக்குள் விட்டால் தகடுகள் கெடும். காய்ச்சி வடித்த நீரை மட்டுமே விடுங்கள். அமிலத்தை ஒருபோதும் மேலதிகமாக ஊற்றாதீர்கள்.

பணம் செலவழிக்கும் முன்னர் ஒரு மல்ரிமீற்றரை இரவல் வாங்கி நான்கு அளவுகளை எடுங்கள். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த பற்றரி, விடியலில் 12.6 வோல்ற் அளவில் நிற்க வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஸ்ரார்ட் பொத்தானை அழுத்தும்போது 9.5 இற்குக் கீழே விழக்கூடாது. எஞ்சின் ஓடும்போது சற்று முறுக்கினால் 13.5 இற்கும் 14.5 இற்கும் இடையில் காட்ட வேண்டும். இல்லையென்றால் ரெக்ரிபயர் (எஞ்சின் தரும் மின்சாரத்தைப் பற்றரிக்கு ஏற்றவாறு மாற்றும் பகுதி) பக்கம் பார்க்க வேண்டும். நான்காவதைப் பலர் செய்வதில்லை. மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மறைத் துருவத்திலும், மறுமுனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்துக்கொண்டு ஸ்ரார்ட் பொத்தானை அழுத்துங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால், எர்த் வயர் (மறைத் துருவத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் வயர்) பிடித்திருக்கும் இடத்தில் துரு இருக்கிறது என்று அர்த்தம். கடற்காற்று அடிக்கும் நம்முடைய ஊரில் நான் அதிகம் காணும் பிழை அதுதான்.

பதில் (ரொறன்ரோ)

நான் பிறந்து வளர்ந்தது நல்லூரில். இங்கே தை மாதத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்கும் கீழே பத்துப் பதினைந்து பாகை இறங்கும் நாள்கள் உண்டு. பனிக்காலம் முழுவதும் மோட்டார் சைக்கிளை மூடி வைத்துவிட்டு, பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் மெல்லிய மின்னேற்றியில் போட்டுவிடுவோம். முழுதாக ஏறிய பற்றரி அந்தக் குளிரிலும் உறைவதில்லை. இறங்கிப்போனதோ உறைந்து வெடித்துவிடும். ஆகவே ஊர் எதுவாக இருந்தாலும், பற்றரியை நிறைவாக வைத்திருப்பதே முதல் வேலை. சுன்னாகத்து அண்ணா சொன்ன அளவுகளை எடுத்துவிட்டு எழுதுங்கள்.

கேட்டவர்

இன்று காலை அளந்தேன். ஓய்வில் 12.1; அழுத்தும்போது 8.9, எஞ்சின் ஓடும்போது 14.1. மறைத் துருவத்துக்கும் எஞ்சினுக்கும் இடையில் 0.8 வோல்ற் காட்டியது. இருக்கையைக் கழற்றிப் பார்த்தபோது, எர்த் வயர் சட்டத்தோடு சேரும் ஆணியைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகத் தூள் பூத்திருந்தது. வயரின் முனையை விரலால் அசைக்கக்கூடியதாக இருந்தது.

பதில் (சுன்னாகம்)

மின்னேற்றம் சரியாக இருக்கிறது. ஆகவே ரெக்ரிபயரைத் தொட வேண்டாம். முதலில் மறைத் துருவத்தைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியையும் வயர் முனையையும் சட்டத்தையும் மண்கடதாசியால் உலோகம் பளபளக்கும் வரை உரோஞ்சி, இறுக்கிப் பூட்டிய பின்னர் மேலே வாஸ்லின் பூசுங்கள். பற்றரியைக் காற்றோட்டமான இடத்தில் வைத்து, 0.5 அம்பியரில் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் ஏற்றுங்கள். கார் பற்றரிக்கு ஏற்றும் வேகத்தில் ஏற்றினால் சிறிய பற்றரி கொதித்துவிடும். பின்னர் அமிலத்தின் அடர்த்தியைப் பார்க்கும் கண்ணாடிக் குழாயால் ஆறு அறைகளையும் தனித்தனியாகப் பாருங்கள், 1.26 இற்கு அருகில் எல்லாம் ஒரே அளவாக இருந்தால் பற்றரி பிழைக்கும்.

அதுவரை விடியலில் சோக்கை இழுத்து, கிளச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்ரார்ட் செய்யுங்கள். மோட்டாருக்குச் சுமை குறையும். ஐந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அழுத்த வேண்டாம்.

கேட்டவர்

மூன்று நாள்களுக்குப் பின்னர் எழுதுகிறேன். எர்த் வயரைத் துப்புரவாக்கியதும் அந்த 0.8 வோல்ற் 0.1 ஆகக் குறைந்தது. மோட்டாரின் சத்தமே மாறிவிட்டது. ஆனால் பற்றரியை இரவு முழுவதும் ஏற்றிய பின்னரும் ஐந்து அறைகள் 1.25 காட்ட, மூன்றாவது அறை 1.15 இலேயே நின்றது. அந்த அறைக்குத்தான் நான் புரட்டாதியில் அதிக நீர் ஊற்றியதாக நினைவு. வேறு வழியில்லாமல் நேற்றுப் புதிய பற்றரி வாங்கினேன்; கடைக்காரரிடம் சொல்லி, பூட்டுவதற்கு முன்னர் முழுதாக ஏற்றுவித்தேன். துரு இருந்ததைக் கவனிக்காமல் இதையும் அப்படியே பூட்டியிருந்தால், அடுத்த மார்கழிக்கு மீண்டும் இதே கேள்வியை எழுதியிருப்பேன்.

இன்று விடியற்காலை பனி கொட்டிக்கொண்டிருந்தது. இருக்கை முழுவதும் ஈரம். முதல் அழுத்திலேயே எடுத்தது. அம்மா படலையைச் சாத்திவிட்டு வந்து ஏறுவதற்குள் எஞ்சின் சூடாகிவிட்டது. இருவருக்கும் நன்றி. இனி ஞாயிறுகளில் சாவகச்சேரி வரை ஒரு நீண்ட ஓட்டம் ஓடி, பற்றரியை நிறைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.